மலையின் காப்பும் மடையின் நீரும்

வரலாறு என்பது மன்னர்தம் பிறப்பு இறப்புகளையும் அவர்தம் போர்களையும் நிரல்படுத்தும் பட்டியல் என்றே நெடுங்காலமாக நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. மலை புவியியலுக்கு, காடு தாவரவியலுக்கு, மன்னன் வரலாற்றுக்கு எனப் பாடங்கள் பங்கு பிரித்துக்கொண்டன. ஆயின் ஒரு மலையின் காடு யார் கையில் இருந்தது, அதை வெட்டியவர் யார், வெட்டுவித்தவர் யார், பிற்காலத்தில் அதற்கு வேலியிட்டவர் யார், அவ்வேலிக்கு உள்ளே நின்றவர் எவர், வெளியே தள்ளப்பட்டவர் எவர் என்னும் வினாக்களை எழுப்பிப் பார்த்தால், ஒரு சமுதாயத்தின் வர்க்க உறவுகள் யாவும் அம்மலைச் சாரலிலே எழுதப்பட்டிருக்கக் காண்கின்றோம்.

இலங்கையின் நடுமலைநாடு இன்று உலகறிந்த காப்பு நிலம். சிவனொளிபாதமலைக் காட்டகம், ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா, நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் காப்புக்காடு ஆகிய மூன்றும் சேர்ந்து, ஏறத்தாழ 56,800 எக்டயர் பரப்பு, 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இச்செய்தியைப் பெருமையுடன் கூறுவோர் பலர். அந்தக் காப்பு எப்படிப் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று வினவுவோர் சிலரே.

திருகோணமலை மாவட்டத்தின் வரண்ட சமவெளியில், கந்தளாயில் இருந்துகொண்டு நாம் மலைநாட்டைப் பற்றி ஏன் பேசவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். விடை குளத்திலேயே இருக்கின்றது.

1

கந்தளாய்க் குளம் தன் சுற்றுப்புறத்து மழையை மட்டும் நம்பி நிற்பதன்று. மாத்தளைக் குன்றுகளிலும் தும்பறை மலைத்தொடரின் மேற்குச் சரிவுகளிலும் பிறந்து வரும் நீரைத் திரட்டி ஓடுவது அம்பன் கங்கை. எலகர என்னும் இடத்தில் அதனை மறித்து வெட்டிய கால்வாய், நீரை மின்னேரியாவுக்குக் கொண்டுவருகின்றது. அங்கிருந்து கவுடுல்லை, கந்தளாய் எனக் குளத்துக்குக் குளம் நீர் கைமாறுகின்றது. கந்தளாய்த் துருசு திறக்கப்படும்போது தம்பலகாமத்து வயல்களிற் பாய்வது, ஒரு பகுதியேனும், தும்பறைக் காட்டின் பாசியிலும் வேரிலும் தங்கி நின்று கசிந்த நீராகும். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டு, சுரங்கம் வழியாக அம்பன் கங்கையின் வடிநிலத்துக்குள் விடப்பட்ட பின்னர், இந்த உறவு மேலும் நெருங்கியது. ஹோர்ட்டன் சமவெளியிற் பிறக்கும் ஓடைகளும் மகாவலியுடன் கலப்பனவாகலின், மலைநாட்டின் உச்சியும் கந்தளாய் உழவனின் வரம்பும் ஒரே நீரின் இரு முனைகள் என்று கூறுதல் மிகையாகாது. மகாவலியோ 335 கிலோமீற்றர் ஓடி, இறுதியில் நம் மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவிலேயே கடலைச் சேர்கின்றது.

இவ்வமைப்பின் அடிப்படை இன்று நேற்று வகுக்கப்பட்டதன்று. எலகரக் கால்வாயின் தொடக்கத்தை வசப மன்னன் காலத்துக்கும், மின்னேரியாவை மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட மகாசேனனுக்கும், கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதிக்கும் உரியனவாகப் பாளி வரலாற்று நூல்கள் கூறும். தமிழ் மரபோ கந்தளாயைக் குளக்கோட்டனுக்கு உரியதாக்கும். குளக்கோட்டனும் ஆடகசவுந்தரியும் பூதங்களை ஏவிக் கட்டுவித்த குளம் இது என்பது கோணேசர் கோயிலைச் சூழ்ந்த ஐதிகம். சிங்கள மரபிலும் இதற்கு நிகரான கதை உண்டு. மகாசேனன் இயக்கர்களைக் கொண்டு குளங்கள் கட்டினான் என்பர். மின்னேரியாப் பக்கத்து மக்கள் அவனைத் தெய்வமாகவே வணங்குவர்.

குளம் யாருடையது, தமிழனுடையதா சிங்களவனுடையதா என்று இக்கதைகளை வைத்து வழக்காடியோர் உண்டு. அவ்வழக்கில் இறங்கிய எவரும் இரு கதைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டிலும் மண் சுமந்தவன் மனிதன் அல்லன்! ஒன்றிற் பூதம், மற்றதில் இயக்கன். பெயரற்ற பல்லாயிரம் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த மண்ணை, கற்பனைப் பிறவிகளின் தோளில் ஏற்றி வைத்துவிட்டு, புகழை மன்னனுக்குச் சூட்டியது நிலப்பிரபுத்துவ காலத்துக் கதை மரபு. அன்றைய இராசகாரியக் கட்டாய உழைப்பை நினைத்துப் பார்ப்போர்க்கு அந்தப் பூதங்கள் யாவர் என்பதை உய்த்துணர்தல் அரிதன்று.

பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிற் கந்தளாய் சிறந்து விளங்கிய ஊர். முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாலமோட்டைத் தமிழ்ச் சாசனம், விசயராச சதுர்வேதிமங்கலம் என வழங்கிய கந்தளாயின் சிவன் கோயிலுக்கு ஒரு பார்ப்பன விதவை அளித்த கொடையைக் கூறி, அதனை வேளைக்காரப் படையினரின் காவலில் வைக்கின்றது. சிங்கள மன்னனின் ஆட்சியாண்டு, தமிழ் எழுத்து, சைவக் கோயில், அதற்குப் படைவீரர் காவல். காப்பு என்னும் சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த பொருளை இச்சாசனம் காட்டுகின்றது: உடைமையுள்ளவரின் கொடைக்கு, ஆயுதமுள்ளவரின் காவல். இப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டு மலைக்குச் செல்வோம்.

2

கண்டி இராச்சிய காலத்தில் நடுமலையின் காடு மக்களின் வாழ்வோடு பின்னிக் கிடந்தது. பள்ளத்தாக்கில் வயல், வயலுக்கு மேலே வீட்டுத்தோட்டம், அதற்கப்பால் சேனை, அதற்கும் மேலே காடு என்பதே ஊரின் அமைப்பு. விறகும் தேனும் மருந்துமூலிகையும் வீடு கட்டும் தடியும் காட்டிலிருந்து வந்தன. மன்னனுக்கென விலக்கப்பட்ட காடுகளும் இருந்தன. பகைவர் படை எளிதில் ஏறிவராது தடுக்கும் இயற்கைக் கோட்டைகளாகவும் அவை பயன்பட்டன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கண்டியை நிலையாக அடக்கமுடியாது திரும்பியதற்கு மன்னரின் வீரம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அம்மலைக்காடு. அந்த ஆட்சி பொற்காலமென்று நாம் கூறவரவில்லை. சாதி ஒடுக்குமுறையும் கட்டாய ஊழியமும் அங்கே நிறைந்திருந்தன. எனினும் காட்டைச் சந்தைப் பண்டமாகக் காணும் பார்வை அங்கே தலையெடுத்திருக்கவில்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குள் வந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அப்பார்வையும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டின் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பமாகும். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், வேறொருவருக்குரியவை என எண்பிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது அச்சட்டம். கண்டிப் பகுதியின் சேனை நிலத்துக்கு உரிமை கோருவோன் மன்னர் அளித்த சாசனத்தையோ வரி கட்டிய சான்றையோ காட்டவேண்டும். ஏடும் சாசனமும் இல்லாமலே பாட்டன் பூட்டன் காலமாகச் சேனை வெட்டி வந்த குடியானவன், ஒரே நாளில் தன் சொந்த மண்ணிலே அத்துமீறியவன் ஆனான். சட்டத்தின் பெயரிலுள்ள ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல் யாரைச் சுட்டுகின்றது என்பதை வாசகர் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். கடல் கடந்து வந்தவன் உரியவனாகவும், மலையிற் பிறந்தவன் ஆக்கிரமிப்பாளனாகவும் எழுதப்பட்ட விந்தை அது!

முடியின் கைக்கு வந்த காடு கோப்பித் துரைமாருக்கு மலிந்த விலையில் விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் குடியேற்ற அரசின் உயரதிகாரிகளும் இருந்தனர் என்பதை வரலாற்றாசிரியர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். விற்கும் அதிகாரம் உடையோரே வாங்குவோராகவும் இருந்த சந்தையில் விலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1870களின் இறுதியிற் கோப்பிச் செய்கை ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியது. தும்பறை, ரங்கலை, மடுல்கலைப் பக்கமெங்கும் காடு வீழ்த்தப்பட்டுத் தீயிடப்பட்டது. இடையில் 1848இல் புதிய வரிகள் குடியானவர் மீது சுமத்தப்பட்டபோது மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அன்று குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ற். தும்பறை மலையில் மட்டுமே வாழும் இலைமூக்குப் பல்லியோணான் ஒன்றின் அறிவியற் பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகின்றது. அம்மலைக் காட்டை அறிந்து அதனோடு வாழ்ந்த ஊரவன் ஒருவனின் பெயரும் அவ்வாறு எந்த உயிருக்கும் வழங்கியதாக நாம் அறியோம்.

காட்டை வெட்டிய கைகள் யாருடையவை? கோடரி பிடித்தவர்களிற் பெரும்பாலோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட சிங்களக் கிராமத்தவர். வெட்டிய நிலத்திற் குழி தோண்டிச் செடி நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தவர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்து அவர்கள் மலையேறினர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழிநடைக் கூட்டத்தார் தங்கிச் சென்ற இடத்திலே தோன்றியதென்பது மரபு. ஆகவே, காடு இழந்த சிங்களக் குடியானவனையும் ஊர் இழந்த தமிழ்த் தொழிலாளியையும் ஒரே மூலதனம் ஒரே மலையில் ஒரே காலத்தில் சுரண்டியது. பின்வந்த அரசியல்வாதிகள் இவ்விருவரையும் ஒருவருக்கு மற்றவர் பகைவராகக் காட்டியதே நம் நூற்றாண்டின் பெருந்துயரம். மலையை இழந்தவனுக்கு, மலையில் அடிமைப்பட்டவனே அதைப் பறித்தவனாகக் காட்டப்பட்டான்.

3

காப்பு எப்பொழுது வந்தது? 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக விளங்கிய சேர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழியாது விடவேண்டும் என்று அரசுக்கு அறிவுரை கூறினார். அதன் பயனாக அவ்வுயரத்துக்கு மேல் காடு வெட்டுதல் நிருவாகக் கட்டளையால் தடுக்கப்பட்டது. இக்கட்டளை இல்லாதிருந்தால் ஹோர்ட்டன் சமவெளியின் முகிற்காடு இன்று எஞ்சியிராது என்பதை மறுத்தற்கில்லை. ஹூக்கரின் அறிவியல் நோக்கைக் குறைத்துக் கூறுவதும் நம் கருத்தன்று. மலைக்காடே ஆற்றின் தாய் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் ஐயாயிரம் அடி என்னும் அக்கோட்டை உற்று நோக்குதல் வேண்டும். கோப்பிச் செடி செழித்து வளர்ந்து இலாபம் தரும் எல்லை ஏறத்தாழ அவ்வுயரத்துடன் முடிவடைகின்றது. அதற்கு மேல் குளிரும் காற்றும் செடியை வாட்டும். தோட்டத்துக்குப் பயன்படாத உச்சி காப்புக்கு விடப்பட்டது. பயன்பட்ட சரிவு முழுவதும் அதற்கு முன்னரே விற்கப்பட்டிருந்தது. மேலேயுள்ள காடு அழிந்தால் கீழேயுள்ள தோட்டத்தின் மழையும் ஓடையும் கெடும் என்பதும் அன்று உணரப்பட்டதே. எனவே அக்காப்பு இயற்கையைக் காத்தது உண்மையாயினும், தோட்ட மூலதனத்தின் நீர்த்தொட்டியையும் சேர்த்தே காத்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே வரலாற்றுக் கல்வியின் கடன்.

அதற்கிடையில், 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அடியோடு வீழ்த்தியது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட செடி, சில பதின்மங்களில் மலைநாட்டின் முகத்தையே மாற்றியது. கோப்பியைப் போலன்றித் தேயிலை ஆறாயிரம் அடிக்கு மேலும் ஏற வல்லது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டியிருந்தமையால், வந்து போன தொழிலாளர் லயங்களில் நிலையாகத் தங்க வைக்கப்பட்டனர்.

1885இல் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1897இல் தரிசுநிலக் கட்டளைச் சட்டமும் பிறந்தன. ஒன்று காட்டைக் காக்க என்றும், மற்றது நிலவுரிமையைத் தெளிவாக்க என்றும் கூறப்பட்டன. நடைமுறையில் இரண்டும் ஒரே குடியானவனின் கழுத்தைப் பிடித்தன. சேனைப் பயிர்ச்செய்கையே காட்டின் எதிரி என்று அதிகாரிகளின் அறிக்கைகள் ஓயாது பேசின. ஆண்டுக்கொரு துண்டு நிலத்தை வெட்டிப் பயிரிட்டுப் பின் காடாக வளரவிட்டவன் குற்றவாளி; இலட்சக்கணக்கான ஏக்கரை மீளமுடியாதபடி வெட்டியவன் முன்னேற்றத்தின் தூதுவன்! மக்கள் தொகை பெருகி, சுழற்சிக் காலம் குறுகியபோது சேனையும் காட்டைக் கெடுத்தது என்பது உண்மையே. ஆயினும் அச்சுழற்சி குறுகியதற்கு, ஊரவனைச் சூழ்ந்திருந்த நிலமெல்லாம் விற்கப்பட்டமையும் ஒரு காரணமன்றோ?

விலங்குகளின் கதையும் இதுவே. மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் குவித்தார் என்பர். மகாஎலிய என ஊரவர் வழங்கிய பெருவெளி, தேசாதிபதி ஹோர்ட்டனின் பெயரைப் பெற்று, வெள்ளைத்துரைமாரின் மரைவேட்டைக் களமாயிற்று. மலையிலே யானை அற்றுப்போன பின்னரே வேட்டைக்கு வேலி கட்டும் சட்டங்கள் வலுப்பெற்றன. 1937இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1940இல் சிவனொளிபாதமலைக் காடு சரணாலயமாயிற்று.

இச்சிவனொளிபாதமலையைப் பற்றி ஒரு சொல். சைவர் சிவனின் பாதம் என்பர். பௌத்தர் ஸ்ரீபாதம் என்பர். முஸ்லிம்களும் கிறித்தவரும் ஆதி மனிதனாகிய ஆதமின் மலை என்பர். நான்கு சமயத்தாரும் ஒரே படிவழியில் ஏறி, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, ஒரே ஞாயிற்றின் உதயத்தைக் கண்டு மீள்கின்றனர். எந்த அரசும் சட்டமியற்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மக்களின் வணக்கம் அம்மலையைக் காத்து நின்றது. நம்பிக்கையை ஆராய்ந்து பார்க்கும் நாமும், பொதுமக்கள் ஒரு மலையைப் பொதுவுடைமையாகப் போற்றிய இவ்வரலாற்றை மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

4

1948இல் கொடி மாறியது. மலையின் நிலை மாறியதா?

அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மரங்களைக் கூட அவ்வாறு எண்ணிப் பங்கிட்டதில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஆனால் தேயிலை நட்டவனுக்கு ஒரு முழ நிலமும் உரியதாகவில்லை.

காடும் தப்பவில்லை. நாட்டின் நிலப்பரப்பில் 1956இல் ஏறத்தாழ 44 வீதமாக இருந்த காடு, 2010இல் 30 வீதத்துக்கும் சற்றுக் கீழே இறங்கியது. 1970களின் தொடக்கத்தில், தென்மேற்கின் சிங்கராசக் காட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கொண்டு மரம் வெட்டும் திட்டம் செயற்பட்டது. அறிவியலாளரும் மாணவரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பால் 1977இல் அது கைவிடப்பட்டது. 1988இல் சிங்கராசம் உலக மரபுரிமையாயிற்று. இந்நாட்டில் ஒரு காடு மக்களின் குரலாற் காப்பாற்றப்பட்ட வரலாறு அதுவாகும். மேலிருந்து இறங்கிய கட்டளையால் 1873இல் வந்த காப்புக்கும், கீழிருந்து எழுந்த கிளர்ச்சியால் 1977இல் வந்த காப்புக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் குறித்துக்கொள்ளல் நன்று.

தும்பறையில் அழிவு ஓசையின்றி நடந்தது. ஏலச் செய்கைக்கென மலைக்காட்டின் கீழடுக்கு வெட்டி அகற்றப்பட்டது; உயர்ந்த மரங்கள் நின்றமையால் தூரத்திலிருந்து பார்ப்போர்க்குக் காடு காடாகவே தோன்றியது. கீழே இளமரமின்றி, நாளை வளரவேண்டிய தலைமுறையின்றிப் போயிற்று. 2000ஆம் ஆண்டில் தும்பறை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கொம்பனியா முடி 1,906 மீற்றர் உயரம். ஓயாத காற்றினாற் குறுகிய குட்டை மரக்காடுகள் அதன் பக்கத்தில் உள்ளன. மலைநாட்டின் ஏனைய பகுதியிலிருந்து பிரிந்து நிற்கும் தொடராதலின், வேறெங்கும் காணாத உயிரினங்கள் இங்கே தோன்றின. 2006ஆம் ஆண்டிற்கூட இம்மலைக்கே உரிய புதிய ஓணான் இனமொன்று அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று. இவ்வளவு செல்வத்தைக் காத்தல் கட்டாயமே. ஆயினும் ஏலத்தைக் கைவிட்ட சிறுகுடியானவனுக்கு மாற்றுத் தொழில் எது என்ற வினா, மலையடிவாரத்து ஊர்களில் இன்றும் விடையற்று நிற்கின்றது. அம்மலைகளுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் பணத்தில் எவ்வளவு அவ்வூர்களில் தங்குகின்றது என்பதும் கேட்கப்படவேண்டியதே.

அணைகளின் வரலாறும் அத்தகையதே. 2018இல் அம்பன் கங்கையின் குறுக்கே மொரகஹகந்த அணை நிறைவெய்தியது. அதன் கிளையான களு கங்கையும் மறிக்கப்பட்டது. கீழுள்ள நமக்கு அது நீர். மேலுள்ள இலக்கலை மக்களுக்கு, பழைய ஊரும் வயலும் நீரில் அமிழ்ந்த கதை. நம் வயலின் பச்சைக்கு வேறொருவர் தம் ஊரை விலையாகக் கொடுத்துள்ளனர் என்பதை மறந்து நீரைப் பருகுதல் நன்றியன்று.

மலைச்சரிவு தன் காடிழந்த வரலாற்றை மறப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, பெயர்ந்து சென்று குடியிருக்க நிலந்தான் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொட்டிய மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே மழையை ஏந்திய மகாவலி, நம் மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்து ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. மலையில் மண்ணுக்குள் புதைந்தவனும், கழிமுகத்தில் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றவனும், ஒரே அழிவின் இரு கரையினர்.

5

இனி நம் சொந்த நிலத்துக்குத் திரும்புவோம். கந்தளாய்க்கு அருகே ‘கடற்படைத் தலைநீர்ச் சரணாலயம்’ எனப்படும் காடு ஒன்றுண்டு. 1963இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதன் பெயரே அதன் தோற்றத்தைக் கூறும். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த ஏகாதிபத்தியக் கடற்படைத் தளம் 1957இல் நம் நாட்டின் கைக்கு வந்தது. அத்தளத்துக்கு வேண்டிய நீரின் பிறப்பிடமாக இக்காடு கருதப்பட்ட காலத்தின் தழும்பு அப்பெயரில் உள்ளது. மலையிலே தோட்டத்தின் நீருக்காகக் காடு காக்கப்பட்டது. சமவெளியிலே போர்க்கப்பலின் நீருக்காக. காடு தன்னளவில் அருமையானது என்பதும், அதன் நீர் உழவனுக்கும் உரியது என்பதும் பிற்பாடு தோன்றிய எண்ணங்கள்.

இன்று அக்காட்டிலிருந்தும் கவுடுல்லை, மின்னேரியாக் காடுகளிலிருந்தும் யானைகள் இரவில் வயலுக்கு வருகின்றன. யானைவழிகளின்மீது குடியேற்றங்களும் தெருக்களும் அமைந்துவிட்டன. 1950களிற் கந்தளாய்க்குக் கொண்டுவரப்பட்ட ஏழைக் குடியேற்றவாசி யானையின் பகைவனாகப் பிறந்தவன் அல்லன். அவனுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் யானையின் வழியாக இருந்தது. ‘குடியேற்றம்’ என்னும் சொல்லோ இனப்பகைக்கு எண்ணெயாயிற்று. நிலமற்ற சிங்கள உழவனின் பசியை, அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் உழவரின் நிலத்தோடும் எண்ணிக்கையோடும் மோதவிட்டவர்கள், பெருநிலம் யார் கையில் இருக்கின்றது என்ற வினாவிலிருந்து தாம் தப்பினர். இலங்கை முழுவதும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மடிகின்றனர். வரைபடத்திற் கோடு கீறுவோர் எவரும் அதில் மடிந்ததில்லை.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலிருந்தே நீரில் மூழ்கி இறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. பாரமேறிய வாகனங்கள் கட்டின்மேல் ஓடியதும் காரணங்களுள் ஒன்றெனக் கூறப்பட்டது. அவ்வெள்ளம் எவனது மொழியையும் கேட்டு அவனை விட்டுச் செல்லவில்லை. பராமரிப்பில்லாத கட்டும் காடில்லாத மலையும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன: எளியோரின் உயிர் கணக்கில் வராத ஆட்சியில் எந்தக் காப்பும் காப்பாகாது.

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. மலைக்காட்டின் காப்பு தேவை. அது மேலும் வலுப்பெறவேண்டும். நமது குளமும் நமது உணவும் அதனைச் சார்ந்துள்ளன. ஆயின் மூலதனத்துக்கு வேண்டாத உச்சியை மட்டும் காத்து, சரிவையும் அதில் வாழ்பவனையும் கைவிடும் காப்பு அரைக்காப்பே. மலையகத் தொழிலாளிக்கு ஆபத்தற்ற இடத்தில் வீடும் அவ்வீட்டு நிலத்துக்கு உரிமையும் வேண்டும். காட்டோர ஊர்களின் மக்கள் வேலிக்கு வெளியே நிற்கும் ஐயத்துக்குரியவராக இராது, காப்பின் பங்காளராக வேண்டும். நீரை இழுக்கும் சமவெளி உழவரின் சங்கங்கள், நீரைத் தரும் மலையின் தொழிலாளரோடும் கிராமத்தவரோடும் ஒரே மேடையில் அமர்ந்து பேசவேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு பங்குண்டு. கந்தளாய் மாணவனிடம் “உன் ஊர்க் குளத்து நீர் எங்கிருந்து வருகின்றது?” எனக் கேட்டு, அவன் வரைபடத்தில் விரலை வைத்து மின்னேரியா, எலகர, அம்பன் கங்கை எனத் தும்பறை வரை ஏறிச்செல்லப் பழக்குவோமாயின், அவ்விரல் சிங்கள ஊர்களையும் தமிழ்த் தோட்டங்களையும் முஸ்லிம் கடைத்தெருக்களையும் தொட்டே செல்லும். குளம் யார் கட்டியது என்று வழக்காடிய தலைமுறைகள் போதும். குளத்தைக் கட்டிய பூதங்கள் நம்மைப் போன்ற மனிதர் என்றும், மலையைக் காக்கவேண்டியவரும் அம்மனிதரின் வழிவந்த உழைக்கும் மக்களே என்றும் அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவதே இன்று நம்முன் உள்ள பணி.